பத்தொன்பது நிமிஷம்

திருப்பனந்தாள் பக்கம்,
தை 24, சனிக்கிழமை.

அன்பு மருமகள் ஃபெபிக்கு உன் ஜெக்கரியா மாமா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் இங்கே என் அக்கா அதாவது உன் அம்மா, உன் அத்தை, நான், மாடு இரண்டு, எல்லோரும் மூச்சு விட்டுக்கொண்டு இருக்கிறோம், நீயும் அங்கே கை கால் விறைக்காமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு வேளைச் சோற்றுக்கு முன்னும் ஜெபிக்கிறோம். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இதெல்லாம் நடக்கும் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும். ஐப்பசியில் நீ லைசென்ஸைக் கன்னத்தோடு வைத்துப் படம் எடுத்து அனுப்பினாயே, அன்றைக்கே உன் அத்தையிடம் சொன்னேன், "இந்தப் பிள்ள தை மாசத்துல பனியில மாட்டும் பாரு, எழுதி வச்சுக்க" என்று. அவள் எழுதி வைத்துக்கொள்ளவில்லை, அதனால் இப்போது அத்தாட்சி இல்லை. பனி கொட்டும், காற்று அடிக்கும், ரோடும் வானமும் ஒன்றாகப் போகும், பிள்ளை ஓரங்கட்டி நிற்கும், அழும் என்று வரிசையாகச் சொன்னேன், ஒன்றுகூடத் தப்பவில்லை. யாரோ ஒரு கிழவிக்கு இன்சுலின் போடப் போன நீ வழியில் ஒன்றே முக்கால் மணி நேரம் ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டாய் என்றும், கிழவிக்கு ஒன்றும் ஆகவில்லை என்றும், ஆபீசில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றும், ஆனாலும் இந்த மாதக் கடைசியில் வேலையை விட்டு, லைசென்ஸையும் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊருக்கே வந்துவிடப் போவதாகவும் அக்காவிடம் நீ சொன்னதை ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். இந்தக் கடைசியை மட்டும் நான் முன்கூட்டிச் சொல்லவில்லை. இதை நான் நினைக்கவே இல்லை. வீடு வீடாகப் போய் ஊசி போட்டுக் கட்டுப் போடும் வேலை, பஸ் இல்லாத ஊர், கார் ஓட்டாவிட்டால் வேலை இல்லை, அது எங்களுக்கும் தெரியும். அதனால்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் என் வாய் என் பேச்சைக் கேட்காது, பேனா மெதுவாகப் போகும், பிடித்து நிறுத்தலாம். உன்னோடு நர்சிங் படித்த நாகூர் நுஸைபா விடுமுறை முடிந்து செவ்வாய்க்கிழமை கனடாவுக்குக் கிளம்புகிறாள், அவளிடம் அக்கா இடித்த மிளகாய்ப் பொடியோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். பொடிக்கு முன்னால் இதைப் பிரி.

இங்கே சேதி என்று பெரிதாக ஒன்றுமில்லை, ஒரே நெல்தான். சம்பா அறுத்து மூன்றாம் நாள், யாரும் எதிர்பாராத மழை, நான் எதிர்பார்த்தேன், ஆனால் அறுவடை மெஷின் நமக்கென்று காத்திருக்குமா, அது வந்த நாளில்தான் அறுக்க வேண்டும். கொள்முதல் நிலையத்தில் கருவியைக் குத்திப் பார்த்துவிட்டு ஈரம் இருபத்திரண்டு, பதினேழுக்குக் கொண்டுவா என்று அனுப்பிவிட்டார்கள். களம் எல்லோருக்கும் போதவில்லை, அதனால் வழக்கம்போல ரோட்டில்தான் காயப்போட்டிருக்கிறோம், ஊரிலிருந்து திருப்பனந்தாள் மெயின்ரோடு வரைக்கும் நாலு கிலோமீட்டரும் பாதி ரோடு நெல், பாதி ரோடு வண்டி, நடுவில் வரிசையாகக் கல். நாலு நாளாகக் காலால் கிளறிக் கிளறி என் பாதம் சொரசொரவென்று ஆகிவிட்டது, இடுப்பு நிமிர மாட்டேன் என்கிறது. சாயங்காலம் கூட்டிக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடிக் கல் வைப்பது, காலையில் பனி விலகியதும் மறுபடி பரப்புவது, இதுவேதான். வலது கண்ணில் புரை முற்றிவிட்டதாம், கும்பகோணத்தில் டாக்டர் அம்மா லைட்டை அடித்துப் பார்த்துவிட்டு, "பெரியவரே, ஆபரேஷன் ஆகுற வரைக்கும் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டார். ஒரு கண்ணை மூடிக்கொண்டே ஊட்டி மலை ஏறியவன் நான் என்று சொன்னேன், அவர் சிரிக்கவில்லை. வேன் இரண்டு மாதமாகக் கொட்டகையில் நிற்கிறது, கோழி ஏறி முட்டை வைத்திருக்கிறது. முப்பத்தியோரு வருஷம் ஓட்டியாயிற்று, போதும் என்று இருக்கிறது ஆயி, சொல்லத்தான் மனசு வரவில்லை.

ஆனால் உனக்கு யோசனை சொல்ல என்னை விட்டால் இந்த ஜில்லாவில் ஆள் கிடையாது என்பதை நீ ஒப்புக்கொள்ள வேண்டும். எட்டாவதோடு பள்ளிக்கூடம் என்னை விட்டாலும் ரோடு என்னை விடவில்லை. லைசென்ஸ் எடுக்கப் போனபோது ஆபீசர் எட்டுப் போடச் சொன்னார், நான் ரிவர்ஸிலேயே எட்டுப் போட்டேன், அவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். மகாமகக் கூட்டத்தில் கும்பகோணம் பெரிய கடைத்தெருவில் ஒரு வெற்றிலைக் கூடைகூடச் சாயாமல் வண்டியை எடுத்து வந்தவன். பனி நான் பார்த்ததில்லை என்று நினைக்காதே, நீ பார்க்கிற அந்த வழுக்குகிற பனிக்கட்டியை நான் வருஷா வருஷம் பார்க்கிறேன், இங்கே அதற்குப் பெயர் நெல். தார் ரோட்டில் பரப்பிய நெல்மேல் டயர் ஏறினால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும், ஒவ்வொரு மணியும் ஒரு குட்டிச் சக்கரம், நீ பிரேக்கை மிதித்தால் வண்டி நிற்காது, கிளம்பும். அப்போது என்ன செய்ய வேண்டும்? ஒன்றும் செய்யக்கூடாது. இதுதான் பெரிய வித்தை. பிரேக்கை உதைக்காதே, ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடிக்காதே, காலை மெதுவாக எடுத்துவிட்டு நீ போக வேண்டிய இடத்தைப் பார். மோதிவிடுவோமோ என்று எந்த மரத்தைப் பார்க்கிறாயோ அந்த மரத்தில்தான் போய் மோதுவாய், கண் போகிற பக்கம்தான் கை போகும், கை போகிற பக்கம்தான் வண்டி. கிளப்பும்போதும் அப்படியே, ஆக்சிலேட்டரை முட்டைமேல் கால் வைப்பதுபோல வை. திருப்பத்துக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிடு, திருப்பத்துக்குள் போன பிறகு ஞானம் வந்து பிரயோஜனமில்லை. பாலத்தின்மேல் இன்னும் ஜாக்கிரதை, மேலேயும் காற்று கீழேயும் காற்று, மற்ற ரோடு ஈரமாக இருக்கும்போதே பாலத்தில் ஈரம் உறைந்து பனிக்கட்டியாகிவிடும் என்று நுஸைபா சொன்னாள், அவள் சொல்வதற்கு முன்பே நான் யூகித்துவிட்டேன்.

மழையும் அப்படித்தான். பெருமழையைவிட முதல் தூறல்தான் மோசம், இரண்டு மாத எண்ணெயும் புழுதியும் மேலே வந்து நிற்கும். இங்கே நடவு காலத்தில் டிராக்டர் இரும்புச் சக்கரத்தோடு வயலிலிருந்து ரோட்டில் ஏறி அரை வயல் சேற்றையும் விட்டுவிட்டுப் போகும், அதன்மேல் தூறல் விழுந்தால் சோப்புதான். ஒருமுறை ஒரு கல்யாணப் பார்ட்டியை ஏற்றிக்கொண்டு சோழபுரம் தாண்டி வருகிறேன், அப்படி ஒரு சேறு, எதிரே வாத்து மேய்ப்பவன் முந்நூறு வாத்தைக் குறுக்கே விடுகிறான். முன்னால் போன லாரியோடு ஒட்டிக்கொண்டு போயிருந்தால் அன்றைக்கு வாத்துக் குழம்புதான், நான் இடைவெளி விட்டிருந்தேன், அதனால் அறுநூறு வாத்தும் பிழைத்தன. மேலே முந்நூறு என்றா எழுதினேன், அது பெரிய வாத்து மட்டும். இடைவெளிக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள், முன்னால் போகிற வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதும் கர்த்தருடைய ஜெபத்தின் முதல் வரியை நிதானமாகச் சொல்லு, வரி முடிவதற்குள் நீ அந்தக் கம்பத்துக்கு வந்துவிட்டால் கிட்டத்தில் போகிறாய் என்று அர்த்தம். மழையில் இரண்டு வரி. உன் பனிக்கட்டியில் ஜெபம் முழுவதையும் சொல்லி ஆமென் போடு, வண்டிக்கும் நல்லது ஆத்துமாவுக்கும் நல்லது. மூடுபனியில் பெரிய லைட்டைப் போடாதே, போட்டால் வெளிச்சம் முழுவதும் பனியில் பட்டு உன் முகத்துக்கே திரும்பி வரும், வெள்ளைச் சுவர் எழுப்பினதுபோல இருக்கும். சின்ன லைட்டைப் போட்டுக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டுக் காதால் ஓட்டு. இது எனக்கு ஒரு நாளில் வந்த பாடம், அதைப் பிறகு சொல்கிறேன்.

உன் அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "பத்து பக்கம் எழுதியும் பிள்ளைக்கு ஒரு போர்வை எடுத்துப் போன்னு எழுதலையே" என்கிறாள், அதனால் எழுதுகிறேன். டிக்கியில் ஒரு கம்பளி, தண்ணீர், பிஸ்கட், டார்ச், ஒரு சின்ன மண்வெட்டி, இதெல்லாம் எப்போதும் கிடக்கட்டும். போனில் சார்ஜ் குறைவாக வைத்துக்கொண்டு கிளம்பாதே, பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்க விடாதே. கண்ணாடியில் உள்ளங்கை அகலத்துக்குச் சுரண்டிவிட்டு அந்த ஓட்டை வழியாகப் பார்த்து ஓட்டுகிற பிள்ளைகள் உண்டாம், முழுக் கண்ணாடியையும் துடை, கூரையில் இருக்கிற பனியையும் தள்ளிவிடு, இல்லாவிட்டால் பிரேக் போடும்போது அது முன்னால் சரிந்து கண்ணை மூடும். டயர் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க எனக்குக் கருவி வேண்டாம், கட்டைவிரல் நகத்தை வைத்தால் போதும், ஆனால் நீ கடையில் கொடுத்தே பார். ராத்திரி டியூட்டி முடித்த கண்ணோடு ஓட்டாதே, தூக்கம் குடிகாரனைவிட மோசமான டிரைவர். யாராவது பின்னாலிருந்து ஹாரன் அடித்தால் அவனுக்கு வழிவிட்டுவிட்டு நீ உன் வேகத்திலேயே போ, அவன் அவசரத்துக்கு நீ பொறுப்பில்லை. நின்றே ஆகவேண்டும் என்றால் ரோட்டில் நிற்காதே, நல்ல ஓரத்துக்கு இறங்கி நாலு லைட்டையும் மினுக்கவிட்டு, உன் ஆபீசுக்கு எங்கே நிற்கிறாய் என்று சொல்லிவிட்டு உள்ளேயே இரு. நீ அன்றைக்கு இது எல்லாவற்றையும் செய்திருக்கிறாய், நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், ஒன்றுகூட விடவில்லை. அப்போதே அதைச் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன்? ஸ்பீக்கருக்குள் வாயை விட்டு, "நான் அப்பவே சொன்னேன்ல" என்று சொன்னேன்.

அதற்குப் பிறகு நீ சொன்னாயே, அது இன்னும் காதிலேயே இருக்கிறது. "மாமா அந்தப் பனியில பத்தொம்பது நிமிஷத்துல கும்பகோணம் போனாங்க. நான் ரோட்டோரத்துல உக்காந்து அழுதேன். எனக்கு அந்தக் கை வராதும்மா, நான் அந்த ரத்தம் இல்ல" என்றாய். அக்கா போனை வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். மூன்று நாளாக என்னோடு பேச்சில்லை, காப்பி டம்ளரைக் கொஞ்சம் சத்தமாக வைக்கிறாள், அதுதான் பேச்சு. நேற்று முன்தினம் வாயைத் திறந்து ஒன்றே ஒன்று சொன்னாள், "இருபத்தாறு வருஷம் உன் பெருமைக்கு நான் குறுக்க வரலடா. இப்ப நீயா எழுதுறியா, நான் போன் போடட்டுமா?" என்று. இப்போது உனக்குப் புரிந்திருக்கும் நான் எதற்காக இவ்வளவு நேரம் டயரையும் வாத்தையும் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று. அந்தக் கதை உனக்கு மனப்பாடம். தை மாதம், விடிவதற்கு முன்னால் மூடுபனி, குவைத்தில் உன் அப்பா, இங்கே அக்காவுக்கு இடுப்பு வலி, டவுன் பஸ்கூடக் கிளம்பாத பனியில் ஜெக்கரியா மாமா ஓனருடைய அம்பாசிடரை எடுத்தார், நெல் குவியல்மேல் கப்பல் மாதிரி ஏறி இறங்கி இருபத்தி நாலு கிலோமீட்டரைப் பத்தொன்பது நிமிஷத்தில் பறந்தார், ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றதும் நீ பிறந்தாய். உன் அப்பா தவறிப்போன பிறகு நீ சோறே உண்ணாமல் அடம்பிடித்த நாட்களில் இந்தக் கதையைச் சொன்னால்தான் வாயைத் திறப்பாய். "கப்பல் கதை, கப்பல் கதை" என்பாய். ஒவ்வொரு வாய்க்கும் வண்டியின் வேகத்தைக் கொஞ்சம் ஏற்றினேன், உருண்டை உள்ளே போனது, நான் என்ன செய்ய.

நேற்று ரோட்டில் எனக்கு அடுத்த நெல் மருதையண்ணனுடையது. உனக்கு அவரைத் தெரியும், நீ சின்ன வயதில் தாடித் தாத்தா என்று கூப்பிடுவாயே, குத்தகைக்கு மூன்று மா நிலம் வைத்துக்கொண்டு தனியாகவே பார்க்கிறார், எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும், இன்னும் என்னைவிட நேராக நடக்கிறார். இரண்டு பேரும் காலால் கிளறிக்கொண்டே போய் அவர் எல்லைக்கல்லும் என் எல்லைக்கல்லும் சேருகிற இடத்தில் நின்றோம். நீ வேலையை விடப் போவதையும், எதற்காக என்றும் சொன்னேன். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, நெல்லையே பார்த்துக்கொண்டு சொன்னேன். அவர் பீடியை இழுத்துவிட்டு, "பிள்ளைக்கு எழுதிப் போடுங்க டிரைவரே. நான் நடந்தேன்னு எழுதாட்டிப் பரவால்ல. நீங்க நின்னீங்கன்னு மட்டும் எழுதுங்க, அதுதான் அதுக்கு வேணும்" என்றார். பிறகு, "நெல்லைக் கிளறுங்க, வெயில் போவுது" என்றார். நான் வீட்டுக்கு வந்து பேனாவை எடுத்தேன், மூடினேன், எடுத்தேன், இன்று சனிக்கிழமை ஆகிவிட்டது.

சரி. அன்றைக்கு நாங்கள் கிளம்பும்போது மணி ஐந்து. எனக்கு வயது முப்பது, வண்டி ஓட்ட ஆரம்பித்து ஐந்து வருஷம், எல்லாம் தெரியும் என்கிற வயது. ஊர் எல்லை தாண்டியதும் பனி மூடிவிட்டது, நான் பெரிய லைட்டைப் போட்டேன், வெள்ளைச் சுவர். அக்கா பின்னால் பல்லைக் கடித்துக்கொண்டு முனகுகிறாள், நான் அந்த முனகலுக்குப் பயந்து இன்னும் அழுத்தினேன். எல்லைக்கல் முதலில் இடித்தது, அடுத்த நொடி முன் சக்கரம் குவியல்மேல் ஏறி வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து அணைந்துவிட்டது. மறுபடி போட்டேன், சக்கரம் நெல்லுக்குள் சுற்றுகிறது, நகரவில்லை. அப்புறம் நான் நின்றுவிட்டேன் ஃபெபி. வண்டி இல்லை, நான். கை ஸ்டியரிங்கை விட்டு வரவில்லை, ஒவ்வொரு விரலாகப் பிரித்தாலும் வராது போல இருந்தது. "அக்கா, எனக்கு ஒண்ணுமே தெரியலக்கா" என்று சொல்லி அழுதேன், நீ அங்கே அழுததைவிடச் சத்தமாக அழுதேன். உன் அம்மா அந்த வலியில் என்ன சொன்னாள் தெரியுமா, "தெரியலைன்னா நில்லுடா. குருட்டாம்போக்குல போயி மூணு பேரும் சாவுறதுக்கு இங்கயே பெத்துக்கிறேன்" என்றாள். கால் மணி நேரம் அப்படியே நின்றோம். குவியலுக்கு அந்தப் பக்கம் யூரியாச் சாக்கைப் போர்த்திக்கொண்டு காவலுக்குப் படுத்திருந்தவர் எழுந்து வந்து, "எந்தக் கழுதடா நெல்லு மேல வண்டிய ஏத்துனது" என்று கையை ஓங்கினார். பின் சீட்டில் முனகலைக் கேட்டதும் கை இறங்கிவிட்டது. அதுதான் மருதையண்ணன். தன் நெல்லைத் தன் கையாலேயே சக்கரத்துக்கு அடியிலிருந்து வாரிப்போட்டுவிட்டு, தார்ப்பாயைச் சக்கரத்துக்கு அணை கொடுத்து வண்டியைத் தள்ளி இறக்கினார். சின்ன லைட்டைப் போடச் சொன்னார், கண்ணாடியை இறக்கச் சொன்னார். வெள்ளைச் சாக்கை முதுகில் கட்டிக்கொண்டு, "என் முதுகைப் பாத்துக்கிட்டே வாங்க டிரைவரே, வேற எதையும் பாக்காதீங்க" என்று முன்னால் நடந்தார். நான் அந்த வெள்ளையை மட்டும் பார்த்துக்கொண்டு முதல் கியரில் அவர் பின்னால் போனேன். வழியில் கிடந்த கல்லையெல்லாம் காலால் ஒதுக்கிக்கொண்டே, "பிள்ளத்தாச்சி வண்டி வருது, கல்லை எடு" என்று கத்தினார். அடுத்த குவியலில் காவலுக்குப் படுத்திருந்தவர்கள் எழுந்து கல்லை எடுத்துவிட்டு அதற்கடுத்த குவியலுக்குக் கத்தினார்கள், அங்கிருந்து அதற்கடுத்தது. ஒரு முகம்கூட எனக்குத் தெரியவில்லை. பனிக்குள்ளிருந்து குரல் மட்டும், "பிள்ளத்தாச்சி வண்டி, பிள்ளத்தாச்சி வண்டி" என்று நமக்கு முன்னால் ஓடிக்கொண்டே போனது. நாலு கிலோமீட்டர் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. மெயின்ரோட்டில் வெளிச்சம் வந்திருந்தது, ஒரு பஸ்ஸின் சிவப்பு லைட்டைப் பிடித்துக்கொண்டு உருட்டிக்கொண்டே கும்பகோணம் போய்ச் சேர்ந்தபோது மணி ஏழரை. நீ பிறந்தது எட்டேகால். இடையில் பிரசவம் பார்த்த டாக்டர் அம்மா டீகூடக் குடித்தார். பத்தொன்பது நிமிஷம் என்பது நான் அன்று சாயங்காலம் கார் ஸ்டாண்டில் கட்டிச் சொன்னது. அந்தப் பனியில் எப்படிப் போனாய் என்று கேட்டார்கள், வாயில் வந்துவிட்டது, எல்லோரும் கை தட்டினார்கள், ஓனர் முதுகில் தட்டினார், அப்புறம் ஆஸ்பத்திரி சவாரி என்றால் ஊர் முழுக்க என்னைத்தான் தேடினார்கள், அதை எப்படித் திரும்ப வாங்குவது. மருதையண்ணன் அன்றைக்கு ஸ்டாண்டு டீக்கடையில் நின்று முழுவதையும் கேட்டார். நான் அவர் பக்கமே திரும்பவில்லை. எல்லோரும் சிரித்தபோது அவரும் சிரித்துவிட்டு, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு அவர் நெல்லுக்குப் போய்விட்டார்.

ஆகவே நீ அந்த ரத்தம் இல்லை என்று சொல்லாதே. அந்த ரத்தம்தான், அச்சு அசல். பார்வை போனால் நிற்கிற ரத்தம். நானாவது இடித்து, சரிந்து, அழுதுவிட்டு நின்றேன், அதுவும் என் புத்தியால் இல்லை. நீ இடிப்பதற்கு முன்னாலேயே உன் புத்தியால் நின்றாய், கிழவிக்கு ஊசி தாமதமாகத்தான் போயிற்று, ஆனால் போயிற்று, போட்ட கையும் முழுசாக இருக்கிறது. ஊருக்கு வர வேண்டும் என்றால் வா, அக்கா காத்துக்கொண்டுதான் இருக்கிறாள், வீடு உன்னுடையது. ஆனால் என் பொய்க்குப் பயந்து வராதே. அந்தப் பொய்யைப் பக்கத்தில் வைத்து உன்னை அளந்து பார்த்தாய் என்று நினைக்கும்போது எனக்குச் சோறு இறங்கவில்லை, உனக்குச் சோறு இறங்குவதற்குச் சொன்ன கதை அது. இதை நீ அக்காவிடமும் சொல்லலாம், நுஸைபாவிடமும் சொல்லலாம். ஸ்டாண்டில் இப்போது யாரும் இல்லை, அங்கே செல்போன் கடை வந்துவிட்டது, அதனால் அங்கே போய்ச் சொல்லும் வேலை மிச்சம். மருதையண்ணனுக்கு மட்டும் நாளைக்கு ஆராதனை முடிந்து வரும்போது நேரில் சொல்ல வேண்டும், இருபத்தாறு வருஷம் கழித்து நன்றி சொல்ல எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, யோசித்துக்கொண்டிருக்கிறேன். மற்றபடி நான் உனக்குச் சொன்னது எல்லாம் உண்மை. வாத்து அறுநூறுதான், அதில் கை வைக்க மாட்டேன்.

கை ஓய்கிறது, கண்ணும் கலங்கலாக இருக்கிறது, அது புரைதான், வேறொன்றுமில்லை. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் சக்கரத்துக்கு முன்னால் யாராவது ஒருவர் வெள்ளைச் சாக்கோடு நடந்துகொண்டே இருக்கட்டும். முக்கியமான ஒன்றை மறந்துவிடாதே, பனியில் நின்று எஞ்சினை ஓடவிட்டால் முதலில் இறங்கிப்போய்ப் பின்னால் புகைக்குழாயைப் பனி அடைத்திருக்கிறதா என்று பார்த்துச் சுரண்டிவிடு, இல்லாவிட்டால் புகை உள்ளேயே திரும்பும், வாசனைகூடத் தெரியாமல் ஆளை அமுக்கிவிடும். அன்றைக்கு நீ அதைப் பார்த்தாயா என்று ஸ்பீக்கரில் கேட்டிருக்க வேண்டும், பெருமையில் மறந்துவிட்டேன். பார்த்தாயா என்று ஒரு வரி எழுது.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்,
பனியில் நின்ற ஜெக்கரியா.